பின்னடி வைத்த வீரம்

தும்பைத் திணையின் துறைகளுள் தார்நிலை என்பது ஒன்று. போர்க்களத்தில் வேந்தனை மாற்றார் மொய்த்துக்கொண்ட வேளையில், ஒருவன் மீண்டு வந்து அவர்களை எறிந்து தன் தலைவனைக் காப்பதைத் தொல்காப்பியர் அப்பெயரால் குறிக்கின்றார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை பெயரை வைத்துக்கொண்டு பொருளைச் சிறிது மாற்றியது. மேல்வரும் படையை யான் தாங்குவேன் என்று வீரன் தன் மன்னனிடம் மறம் தோன்றக் கூறுவது அங்கே தார்நிலை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டித் தேர்வுக்கு விடை எழுதப் பயிற்றுவதோடு நம் வகுப்பறைகள் நின்றுவிடுகின்றன. அத்துறையைக் கொண்டு இன்று எதையேனும் அளந்து பார்க்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. அண்மையில் ஒரு கட்டுரை என்னைக் கேட்க வைத்தது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது வெளியூரில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அதனை எழுதியவர். தாம் பயின்ற தமிழ்ப்பள்ளி வெளியிடும் மலருக்காக எழுதி, திருத்தித் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். தலைப்பு, ‘என்னைக் கவர்ந்த விளையாட்டு வீரர்’. பூப்பந்து வீரரையோ காற்பந்து வீரரையோ எதிர்பார்த்துப் பிரித்தேன். உள்ளே இருந்தவர் ஜோ தாமஸ் என்னும் அமெரிக்கர்; அந்நாட்டுப் பந்தாட்டத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 2007 முதல் 2017 வரை பதினொரு பருவம் ஆடியவர். அவ்வாட்டத்தை நான் தொலைக்காட்சியில் சிறிது பார்த்ததுண்டு. முட்டி மோதி விழுகின்றார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கியதில்லை. கட்டுரையைப் படித்த பின்னும் விளங்கவில்லை என்பதுதான் என் முதற்குறை.

ஆட்டத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணியில், அதனை எறிந்தோ கைமாற்றியோ ஆட்டத்தை நடத்துகின்றவர் ஒருவர். குவாட்டர்பேக் என்பது அவர் பெயர். அவருக்கு முன்னே ஐவர் வரிசையாகக் குனிந்து நிற்பர். பந்து புறப்பட்டவுடன் எதிரணியார் அவரைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவர். ஐவரும் தம் உடம்பால் அவர்களைத் தடுத்துச் சில நொடிகளைப் பெற்றுத் தர வேண்டும். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை பொதுவாக இவ்வைவருக்கும் இல்லை. வலக்கையால் எறிபவர் உடலைத் திருப்பும்போது அவருடைய இடப்பக்கம் கண்ணுக்கு மறைவாகிவிடும். அந்த மறைபக்கத்தைக் காப்பவரே இடக்கோடியில் நிற்பவர். ஜோ தாமஸ் நின்ற இடம் அது. ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள மனிதர், எண் 73.

இவ்வைவரை ஆங்கிலத்தில் லைன்மேன் என்பர். நம் ஊரில் அச்சொல் மின்கம்பத்தில் ஏறுபவரைக் குறிக்கும். கட்டுரையாளர் ‘நிரைக்காவலர்’ என்று ஆக்கியிருந்தார். புறத்திணை பயின்ற காதுக்கு நிரை என்றால் ஆநிரை. இவர் கரந்தைத் திணைக்காரர் ஆகிவிடுவாரே என்று ஐயுற்றேன். ஆயினும் தேயிலைக் காட்டில் நிரை என்பது செடிவரிசை. அங்கே பிறந்தவர் வாயில் இயல்பாக வந்த சொல்லை இலக்கணங் காட்டி அடிப்பது நேர்மையன்று. விட்டுவிட்டேன்.

விடமுடியாத தொடர் வேறொன்று. ‘களத்தில் ஒருபோதும் பின்வாங்காத சிங்கம்’ என்று அவர் எழுதியிருந்தார். நம் பாராட்டுரைகளில் இத்தொடர் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்கும்! தலைவருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் பட்டிமன்றப் பேச்சாளருக்கும் அளவெடுக்காமலே தைத்துக் கொடுக்கும் சட்டை அது. ஜோ தாமசுக்கோ அது பொய். பந்தெறியும் ஆட்டம் ஒவ்வொன்றிலும் அவர் செய்த முதல் வேலை பின்வாங்குவதே. பந்து அசைந்தவுடன் இடக்காலைப் பின்னே எறிந்து, வலக்காலை அதனை நோக்கி இழுத்து, இருக்கையில் பாதி அமர்ந்தவர் போலத் தாழ்ந்து, அடியடியாகப் பின்னேறுவார். முன்னே பாய்ந்தால் எதிரி பக்கவாட்டில் நழுவிச் சென்றுவிடுவான். பின்னேறுந்தோறும் எதிரிக்கும் தம் தலைவருக்கும் நடுவே அவர் உடம்பு நிற்கும். அந்த ஓரிடத்தை இழக்காமல் இருப்பதே அவர் கலை முழுவதும்.

புறங்கொடுத்தலை இழிவாகவும் முதுகிற் பட்ட புண்ணை நாணத்துக்குரியதாகவும் கருதிய மரபு நம்முடையது. அதனால் பின்னடி என்றாலே தோல்வி என்று எழுதுகோல் தானாக எழுதிவிடுகிறது. ஆனால் முகம் எதிரியை நோக்கியிருக்கப் பின்னே செல்லுதல் வேறு. முதுகைக் காட்டி ஓடுதல் வேறு. இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் நன்கு அறியும். தும்பையிலேயே எருமை மறம் என்று ஒரு துறை உண்டு. படை உடைந்து பின்னிடும்போது, ஒருவன் மட்டும் அதன் பின்பக்கத்தில் சினமும் வியர்வையுமாக எதிரியை நோக்கி நிற்பது அது. தொல்காப்பியத்தில் படையின் பின்னணியாகிய கூழையைத் தாங்கி நிற்கும் இந்நிலையைச் சொல்லும் இடத்தில், ‘பெருமை’ என்றும் ‘எருமை’ என்றும் இருவகைப் பாடம் உண்டு. பெருமை என்று படிப்பவர்க்கு அது ஒரு பாராட்டுச்சொல். எருமை என்று படிப்பவர்க்கோ ஒரு காட்சி. பின்னதே என் மனத்துக்கு ஒத்தது. தலையைத் தாழ்த்தி, கால்களை அகற்றி, அசையாமல் நிற்கும் எருமையைக் கண்டவர்கள், நிரையில் குனிந்து நிற்கும் அந்த 140 கிலோ மனிதரையும் காண முடியும். சிங்கத்தால் காண முடியாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி எண்களால் ஆனது. 2007-இல் தேர்வில் மூன்றாமவராக எடுக்கப்பட்டார். பத்து ஆண்டு தொடர்ந்து தலைசிறந்தோர் ஆட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 2023-இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். இவை யாவும் மெய்யே. ஆனால் இவையெல்லாம் பிறர் அவரைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்குச் சான்றே தவிர, அவர் என்ன செய்தார் என்பதற்குச் சான்றல்ல. அவ்விளையாட்டின் கணக்கேடு வேடிக்கையானது. எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் ஓடியவருக்கும் பத்தி உண்டு. எறிபவரை வீழ்த்தியவருக்கும் 1982 முதல் முறையான கணக்கு உண்டு. வீழாமல் காத்தவருக்கோ நெடுங்காலம் பத்தியே இல்லை. எதிரியை விதிமீறிப் பற்றிப் பிடித்தால் மட்டும் நடுவர் அவருடைய எண்ணை அரங்கமறியக் கூறி அணியைப் பத்துக் கெசம் பின்னுக்குத் தள்ளுவார். பிழை செய்தால் அன்றி அவர் எண் ஒலிப்பதில்லை.

ஓர் எண் மட்டும் அவருக்கே உரியது: 10,363. முதல் நாள் தொடங்கி ஓராட்டமும் விடாமல் அவர் தொடர்ந்து குனிந்து நின்ற தடவைகள் அத்தனை. 2017 அக்டோபர் 22-ஆம் நாள், டென்னசி அணியோடு ஆடுகையில் இடக்கையின் பின்தசை கிழிந்து அவர் வெளியேறிய அன்று அத்தொடர் அறுந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஓய்வு பெற்றார். கட்டுரையாளர் இவ்வெண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடச் சொல்லியிருந்தார். ஆனால் இதற்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய மற்றோர் எண்ணை விட்டுவிட்டார். அந்தப் பதினொரு பருவத்தில் அவர் அணி வென்ற ஆட்டங்கள் 48, தோற்றவை 128. 2017-ஆம் ஆண்டு பதினாறு ஆட்டத்தில் ஒன்றுகூட வெல்லவில்லை. பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் அவர் ஒருமுறையும் கால் வைக்கவில்லை. அவர் காத்த பந்தெறி தலைவர்களோ ஏறத்தாழ இருபதின்மர். வந்தவர் நிலைக்கவில்லை, காத்தவர் நின்றார்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, “நாயகன் தோற்ற கதை மலருக்கு ஆகாதே, ஐயா” என்று எழுதினார். இங்கேதான் எனக்கும் அவருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு.

துறை என்பது வெற்றியின் பட்டியலன்று. ஒரு நிலைமையின் பெயர் அது. அதனால்தான் ‘நிலை’ என்றனர். வேந்தன் பிழைத்தானா, போரில் யார் வென்றார் என்பதைத் தார்நிலை கேட்பதில்லை. மொய்த்த வேளையில் ஒருவன் மீண்டான் என்பதோடு அது நிறைவு பெறுகிறது. புறநானூற்றில் ஒரூஉத்தனார் பாடிய 275-ஆம் பாட்டு எருமை மறம் எனத் துறை வகுக்கப்பட்டது. முன்னணியில் பகைவருக்கு எதிர்நின்ற தோழனை நோக்கி ஒருவன் படையைப் பிளந்துகொண்டு வருகின்றான். களத்தில் சிதறிய குடர் காலைத் தடுக்கிறது. சங்கிலியிட்ட யானை போல இழுத்து இழுத்து வருகின்றான். கன்றை நாடும் கறவைப் பசுவுக்கு அவனை ஒப்பிடுகிறார் புலவர். வருகின்றான் என்பதோடு பாட்டு முடிகிறது. தோழனை மீட்டானா என்ற செய்தி இல்லை. அதனால் பாட்டு குறைந்துவிட்டதா? வெற்றியைச் சொல்லியிருந்தால் நம் கண் அங்கே போயிருக்கும். சொல்லாததால் தடுக்கும் காலிலேயே கண் நிற்கிறது. 48-ஐயும் 128-ஐயும் மறைத்த கட்டுரையாளர், தம் நாயகனை உயர்த்துவதாக எண்ணி அவருக்குரிய துறையையே பறித்துவிட்டார். தோற்கும் அணியில் 10,363 முறை நின்றார் என்பதன்றோ செய்தி! வெல்லும் அணியில் நிற்பதற்கு வெற்றியே துணையாகிவிடும்.

அதே பாட்டின் தொடக்கம் வேறொன்றையும் கருதச் செய்கிறது. சூடிய கண்ணியும், உடுத்த ஆடையும், வேந்தன் விரும்புவதைச் சொல்லி அவனைத் தன்வயப்படுத்தும் பேச்சும் இவனுக்குத் தகும் என்கிறார் புலவர். காப்பவனுக்கு அரசனிடம் தனித்த செல்வாக்கு உண்டு என்று கொள்ளலாம். அமெரிக்கப் பந்தாட்டம் இதனைக் காலந்தாழ்த்திக் கற்றது. 1985 நவம்பர் 18-ஆம் நாள், வாஷிங்டன் அணியின் தலைவர் ஜோ தைஸ்மன் என்பாரை நியூயார்க்கு அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியபோது கால் எலும்பு முறிந்தது. அவர் ஆட்டவாழ்வு அன்றே முடிந்தது. டெய்லரைப் போன்றவர்கள் மறைபக்கத்திலிருந்து பாயத் தொடங்கிய பிறகு, அப்பக்கத்தைக் காப்பவரின் விலை உயர்ந்தது. 1993-இல் ஆட்டக்காரர்கள் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை பெற்றதும் மிகவே உயர்ந்தது. மைக்கேல் லூயிஸ் 2006-இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். கூலி உயர்ந்தது, கணக்கேட்டில் பத்திதான் எளிதில் பிறக்கவில்லை. பொருளியல் அறிந்ததை வருணனை அறியவில்லை என்று இதனைக் கூறலாம்.

தமிழ் வாசகருக்கு அறிமுகம் இல்லாத ஆட்டத்தை எழுதுகின்றவர் அறிந்த ஆட்டத்தைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டும். நமக்குக் கபடி இருக்கிறதே! பாடி வருகின்றவனைச் சூழும் எழுவருள் கோடியில் நிற்பவரும் பின்னடி வைத்துத்தான் காத்திருப்பார். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் அத்தகைய வலக்கோடிக் காவலர். 2016-இல், பிறர் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளராகும் நாற்பத்தொரு வயதில், பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் பட்டம் வென்றார். அதே ஆண்டில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். உடன் ஆடுவோர் அவரை ‘அண்ணா’ என்றே அழைப்பர். அந்தப் பாட்னா அணியைப் பற்றிக் கேட்டால் பலர் வாயிலும் முதலில் வருவது பாடிச் சென்று புள்ளி குவித்த பர்தீப் நர்வாலின் பெயர். ஒன்று சொல்ல வேண்டும்: கபடியில் பிடித்தவருக்குப் புள்ளி உண்டு, ஆகவே சேரலாதன் வரலாற்றை எண்ணாலும் ஓரளவு எழுதலாம். பிடிப்பதற்கு வழிசெய்து கோடியை அடைத்து நின்ற மற்றவரை அங்கும் எண்ணால் எழுத முடியாது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பின்னர்ப் புறக்கணிப்பால் போகவில்லை. வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கின் பெயர் அக்கதையோடு ஒட்டிக்கொண்டது. கோல்காவலர் ஆறுமுகத்தையும் நாம் மறக்கவில்லை. அவர் நீண்ட கைகள் நமக்குப் பழமொழி போல் ஆயின. அவருக்கு முன்னே நின்ற சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அன்று எந்தெந்தப் பந்தை வரவிடாமல் செய்தனர் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? வராத பந்தை நினைவில் வைப்பது எளிதன்று. எழுதுவது அதனினும் அரிது.

இனி, மலரையே எடுத்துக்கொள்வோம். அதே இதழுக்காகத் ‘தோட்ட வரலாறு’ என்னும் மற்றொரு கட்டுரையும் இவ்விளைஞர் எழுதியிருந்தார். 1885-இல் வில்லியம் கேமரன் மலையை அளக்க வந்தது, 1929-இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது ஆகியவற்றோடு அது தொடங்கியது. கேமரன் மலையைப் பற்றிய சிறுநூல்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. கடைசியில் தம்மைப் பற்றி நான்கு வரி. தாயார் கொழுந்தெடுத்ததில் தோட்டத்தில் பெயர் பெற்றவர் என்று பெருமையோடு எழுதியிருந்தார். தந்தையாரைப் பற்றி ‘தோட்டத் தொழிலாளி’ என்ற இரண்டே சொல். என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். கவாத்து வெட்டுதல், புல் வெட்டுதல், மழைக்குமுன் வடிகால் திருத்துதல் என்று பதில் வந்தது. “எழுத ஒன்றுமில்லையே, ஐயா” என்ற வரியும் உடன் வந்தது.

வியப்பில்லை. கொழுந்துக்குத் தராசு உண்டு; மாலையில் நிறுத்து ஏட்டில் பதிவார்கள். கவாத்துக்குத் தராசு இல்லை. ஆனால் கவாத்து வெட்டாத தேயிலை என்னவாகும்? அது மரமாகிவிடும், ஆள் உயரம் கடந்து, கைக்கெட்டாமல் போய்விடும். பார்க்க வருவோர் வியந்து படம் எடுக்கும் அந்தப் பச்சைக் கம்பளம், ஒவ்வொரு செடியும் மரமாவதைத் தடுத்துக்கொண்டே இருந்தவர்களின் வேலை. இன்று அவ்வேலையை வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தோர் பலர் செய்கின்றனர். கொழுந்தெடுப்பிலும் கத்தரியும் பொறியும் வந்துவிட்டன. முன்பு செய்தவர்களை எழுதும் வாய்ப்பு, அவர்களை நேரில் அறிந்த இந்தத் தலைமுறையோடு போய்விடும். “வெட்டாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள், தம்பி, தந்தையார் செய்தது அதனுள் தெரியும்” என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அதற்காக, காத்தவரைத் தூக்கி வேந்தன் இருக்கையில் அமர்த்திவிடக் கூடாது. இக்காலத் திறனாய்வில் அந்த நோயும் உண்டு. மறைந்திருந்தவரை வெளிக்கொணர்கிறோம் என்று சொல்லி, பழைய தலைவனுக்கு வைத்திருந்த அடைமொழிகளையே இவர் தோளில் ஏற்றிவிடுகிறார்கள். சிங்கம் ஆள் மாறி நிற்கிறது, அவ்வளவே. தாமஸ் பந்தை எறியவில்லை. எறிய ஆசைப்பட்டதாகவும் எழுத வேண்டியதில்லை. தேர்வு நாளில் மற்ற இளைஞர்கள் நியூயார்க்கு மேடையில் காத்திருக்க, அவர் தந்தையாரோடு மிச்சிகன் ஏரியில் படகேறி மீன்பிடித்துக்கொண்டிருந்தார். இச்செய்தி கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் கிடந்தது. அதனை எடுத்து முதலில் வையுங்கள் என்றேன். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அந்தப் படகு போதும்.

இரண்டாம் படி சென்ற வாரம் வந்தது. படகில் தொடங்குகிறது. சிங்கம் போய்விட்டது, 48-உம் 128-உம் வந்துவிட்டன. பின்னடி வைக்கும் முறையை ஒரு பத்தி முழுதும் எழுதியிருக்கிறார். அப்பத்தி நன்றாகவே இருக்கிறது. பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவர் காண்பதில்லை, தம் வேலை முடிந்ததா கெட்டதா என்பதை அரங்கத்தின் ஓசையால்தான் அறிவார் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். அதில் நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ‘மாபெரும்’ என்ற சொல் இன்னும் ஆறு இடத்தில் இருக்கிறது, ஐந்தை அடித்தேன்.

முடிவுதான் இன்னும் இடறுகிறது. 2017 அக்டோபர் 22-இல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவதோடு, ஒரு சகாப்தம் முடிந்தது என்று எழுதிக் கட்டுரையை நிறுத்திவிட்டார். ஆட்டம் அங்கே நிற்கவில்லை. அடுத்த பந்து புறப்பட்டாக வேண்டும். அந்த இடக்கோடியில் ஒருவர் குனிந்தாக வேண்டும். குனிந்தவர் பெயர் ஸ்பென்சர் டிராங்கோ. அப்பெயரைச் சேர்க்குமாறு ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.